உள்ளத்தின் நோயும் ஊரின் கடமையும்

உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்திற்கும் நோய் வருவதுண்டு என்பதை மறுப்பார் இக்காலத்தில் அரியர். ஆயினும் இவ்விருவகை நோய்களையும் மக்கள் ஒரே கண்ணோடு நோக்குகின்றனர் என்று சொல்வதற்கில்லை. கால் முடங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும் குடும்பம், உணவும் உறக்கமும் இழந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் இளைஞனை அயலார் கண்ணில் படாமல் மறைக்கின்றது. முன்னது நோய் எனப்படுகிறது. பின்னது வினைப்பயன், தெய்வக் குற்றம், செய்வினை, பேய்ப்பிடி எனப் பல பெயர் பெறுகிறது. பெயர் மாறுவதால் நாடும் இடம் மாறுகிறது. இடம் மாறுவதால் காலம் வீணாகிறது. மனநோயைப் பொறுத்தவரை, இவ்வாறு வீணாகும் காலமே பெருங்கேடு விளைவிக்கின்றது.

இந்த முரண்பாட்டைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். திருமலைக்கு வரும் யாத்திரிகர் தொகை நாள் ஒன்றுக்குச் சராசரியாக 60,000க்குக் குறைவதில்லை. நேர்ந்துகொண்ட முடியைக் காணிக்கையாகச் செலுத்திக் குறை தீர வேண்டுவோர் அவருள் பலர். அம்மலையின் அடிவாரத்திலேயே எலும்பு, மூட்டு நோய்களுக்கும் இளம்பிள்ளை வாதத்தால் முடமானோர்க்குமாகத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ‘பர்ட்’ என்னும் மருத்துவமனையை 1980களில் நிறுவியது. 1993இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞானக் கழகம் செயற்படத் தொடங்கியது. குழந்தைகளின் இருதய நோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று 2021 அக்டோபரில் திறக்கப்பட்டது. மலைமேல் தரிசனம் செய்தவர் கீழே இறங்கி, அறுவைச் சிகிச்சைக்குப் பிள்ளையைச் சேர்ப்பதைப் பக்திக் குறைவு என எவரும் கருதுவதில்லை. இறைவன் அருள் மருத்துவர் கைவழியாக வந்தது என்றே மகிழ்கின்றனர். எலும்புக்கும் இருதயத்திற்கும் பொருந்தும் இந்நல்லறிவு மூளைக்கு மட்டும் ஏன் பொருந்தாது என்பதே ஈண்டு எழும் வினா.

மனநலம் யாது?

உலகச் சுகாதார ஸ்தாபனம், 1948இல் நடைமுறைக்கு வந்த தனது அமைப்பு விதியிலேயே, நலம் என்பதனுள் உடல், உள்ளம், சமூக வாழ்வு ஆகிய மூன்றின் செம்மையையும் அடக்கிற்று. மனநலம் உடையவர் கவலையே அறியாதவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மழை பொய்த்தால் நிலக்கடலை பயிரிட்டவர் வருந்துவார். மாங்காயின் விலை வீழ்ந்தால் தோட்டக்காரர் உறக்கம் இழப்பார். பெற்றோரை இழந்தவர் அழுவார். இவை நோயல்ல, வாழ்வின் இயல்பு. வருத்தம் நாள்கணக்கில் தேய்ந்து, மனிதர் மீண்டும் தம் கடமைகளுக்குத் திரும்புகின்றனர்.

துயரம் வாரக்கணக்கில் குறையாமல் நின்று, உணவு, உறக்கம், வேலை, உறவு ஆகியவற்றைக் குலைக்கும்போதே அது நோயின் எல்லைக்குள் வருகின்றது. காரணம் சிறிதாயிருந்தும் துன்பம் பெரிதாயிருத்தல், காரணம் நீங்கியும் துன்பம் நீங்காமை, எவற்றிலும் இன்பம் காணாமை, வாழ்ந்து பயனில்லை என்னும் எண்ணம் ஆகியன மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். காரணமற்ற அச்சமும் படபடப்பும் ஓயாது அலைக்கழிப்பது மனப்பதற்ற நோய். இவ்விரண்டும் மிகப் பரவலானவை. மனச்சிதைவு நோயோ அரிது; உலக மக்களில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரைப் பற்றுவது. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கி, இல்லாத குரல்களைக் கேட்கச் செய்து, பிறர் தீங்கு நினைக்கின்றனர் என்ற அசையாத நம்பிக்கையை ஊட்டுவது அது. ஒரு காலம் அளவற்ற கிளர்ச்சியும் மறு காலம் ஆழ்ந்த சோர்வுமாக மாறி மாறி வரும் நோய் மற்றொன்று. மகப்பேற்றுக்குப்பின் முதல் சில வாரங்களில், ஆயிரத்தில் ஓரிரு தாய்மாரைத் திடீரெனப் பற்றும் கடுமையான மனக்குழப்பமும் உண்டு. அது உடனடி மருத்துவம் வேண்டும் நெருக்கடி.

இத்தனை வேறுபட்ட நோய்களையும் ஊர் வழக்கு ஒரே சொல்லால் குறித்துவிடுகிறது. தமிழில் அது பைத்தியம், தெலுங்கில் பிச்சி. அச்சொல்லுக்கு அஞ்சியே, மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் வருந்துவோர் தம் துன்பத்தை உடலின்மேல் ஏற்றிச் சொல்கின்றனர். நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, கை கால் எரிகிறது, பசியில்லை என்று ஒவ்வொரு மருத்துவராகச் சென்று பரிசோதனைக்கும் சத்து ஊசிக்கும் பணம் செலவிடுகின்றனர். உள்ளத்தின் துயர் ஒன்று உண்டென்று அவரும் சொல்வதில்லை. பல வேளைகளில் மருத்துவரும் கேட்பதில்லை.

இந்நோய்கள் எவ்வளவு பரவலானவை என்பதை 2015-16இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு காட்டிற்று. வயதுவந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் அக்காலத்தே ஏதேனும் ஒரு மனநோய் உடையவராயிருந்தனர். நோய்க்கேற்ப, அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர். ஆந்திரப் பிரதேசம் இக்கணக்கெடுப்பில் சேர்ந்ததன்று. எனினும் அண்டை மாநிலமான தமிழ்நாடு சேர்ந்திருந்தது. சித்தூர் மக்கள் இதற்கு முற்றிலும் மாறுபட்டவராயிருக்கக் காரணம் ஏதுமில்லை. அவ்விகிதத்தை ஓர் உதாரணமாகக் கொண்டால், ஒரு நாளில் திருமலையில் கூடும் யாத்திரிகருள் சில ஆயிரம் பேர் மனநோயின் சுமையோடு வரிசையில் நிற்கின்றனர் என்பது பெறப்படும்.

காரணமும் மருந்தும்

மனநோய்க்குக் காரணம் ஒன்றன்று. பரம்பரையாக வரும் நாட்டம், மூளையின் நரம்பணுக்களிடையே செய்தி கொண்டுசெல்லும் இரசாயனப் பொருள்களின் மாறுபாடு, இளமையில் உற்ற கொடுமை, வறுமை, கடன், மதுப்பழக்கம் ஆகியவை பல அளவுகளில் கூடி அதனை விளைவிக்கின்றன. சில வேளைகளில் மனநோய் போலத் தோன்றுவது உடல்நோயின் வேடமாயிருத்தலும் உண்டு. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி சோர்ந்தால் மனமும் சோரும்; மூளையைப் பற்றும் காய்ச்சலில் அறிவு தடுமாறும். ஆகவே முதலில் வேண்டுவது மருத்துவரின் முறையான பரிசோதனை. நோயாளியின் பாவமோ, தாயின் வளர்ப்புக் குறையோ, மருமகளின் ராசியோ இவ்வாராய்ச்சியில் இடம்பெறுவதில்லை.

மருந்தின் வரலாறு பாரத நாட்டிற்குப் பெருமை தருவது. ஆயுர்வேதம் அறிந்த சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேர், இரத்த அழுத்தத்தையும் சித்தக் கலக்கத்தையும் தணிக்க வல்லது என்று கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் மருத்துவ இதழ் ஒன்றில் அறிவித்தனர். 1952இல் ஸ்விட்ஜர்லாந்து ஆராய்ச்சியாளர் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனச்சிதைவு நோயாளிகளைத் தெளிவிக்கக் கண்டனர். அதற்கு மூன்றாண்டு முன்னரே, ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் லித்தியம் உப்பின் பயனை வெளியிட்டிருந்தார். ரிசர்பின் பின்னர் மனநோய்ச் சிகிச்சையில் வழக்கொழிந்து, அதனினும் சிறந்த மருந்துகள் அவ்விடத்தைப் பெற்றன. எனினும், மனநோய் மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை உலகுக்கு உணர்த்தியவற்றுள் அவ்விந்திய வேரும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

இம்மருந்துகளைப் பற்றிச் சில உண்மைகளை மக்கள் அறிந்திருத்தல் நலம். மனச்சோர்வுக்குரிய மருந்து உட்கொண்ட அன்றே பலன் தராது. இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதற்குள் பயனில்லை என்று கைவிடுவோர் பலர். மனச்சிதைவு தணிந்ததும், நோய் தீர்ந்தது என எண்ணி மருந்தை நிறுத்துவோரை அந்நோய் மீண்டும் பற்றுவது பெரும்பான்மை. உடல் பருத்தல், கை நடுக்கம், தூக்க மயக்கம் முதலிய பக்க விளைவுகள் உண்டு. அவற்றைச் சொன்னால் மருத்துவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். மனச்சோர்விலும் பதற்றத்திலும் பயிற்சி பெற்றவருடன் முறையாக உரையாடும் சிகிச்சையும் மருந்துக்கு நிகரான பயன் அளிக்க வல்லது. எந்நோயிலும் சிகிச்சை தொடங்கும் காலம் பெரிதும் முக்கியமானது. மனச்சிதைவு நோயில் முதற் குறி தோன்றுவதற்கும் முதல் மருந்துக்கும் இடையே நாள் நீள நீள, குணம் அடைவது கடினமாகின்றது. கல்லூரியை விட்டு வீட்டில் அடைந்து கிடக்கும் மாணவனுக்கு ஓராண்டு இழப்பு என்பது வெறும் ஓராண்டு அன்று. அவன் கல்வி, தொழில், திருமணம் அனைத்தும் அதனோடு சரிகின்றன.

கோயிலும் மருத்துவமும்

இக்காலத் தாழ்வுக்குக் கோயிலைக் குறைகூறுதல் சிலருக்கு எளிதாகத் தோன்றலாம். அது நியாயமன்று. 2002இல் பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை அவர்கள் ஆராய்ந்தனர். மருந்து ஏதுமின்றியே, சில வாரங்களில் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்தன. அக்கோயிலில் அடி உதையோ சங்கிலியோ இல்லை. உடனிருக்க உறவினர் இருந்தனர். செய்வதற்குச் சிறு வேலைகள் இருந்தன. அச்சமற்ற சூழல் இருந்தது. அவ்வன்பான சூழலே பயனளித்திருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. இது சிறியதோர் ஆய்வே. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. எனினும், நோயாளியை மனிதராக நடத்துதலே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை அது நினைவூட்டுகின்றது.

இதற்கு நேர்மாறான காட்சியை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியலில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நாடு கண்டது. தர்காவை நாடி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த விடுதி ஒன்றில், ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 25க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது எச்சமயத்தின் நம்பிக்கையும் அன்று. நோயாளியை நோயாளியாகக் கருதாமல் கட்டிவைத்துக் காசாக்கிய வழக்கமும், அதனைக் கண்டும் காணாதிருந்த சமூகமுமே.

ஆகவே பகுத்துணர வேண்டிய எல்லை தெளிவானது. வழிபாடு ஆறுதல் தருமாயின் அதனைத் தடுக்க வேண்டுவதில்லை. கட்டுதல், அடித்தல், பட்டினி போடுதல், புகையூட்டுதல் ஆகியவற்றை எச்சமயப் பெயராலும் பொறுக்கலாகாது. பரிகாரம் முடியட்டும், பிறகு மருத்துவரிடம் போகலாம் என்று மாதங்களைக் கடத்துவதும் அதுபோன்றே தவிர்க்கத்தக்கது. காளஹஸ்தியில் இராகு கேது பூஜை செய்யும் குடும்பம், அதே வாரத்தில் மருத்துவரையும் காணலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையாகாது.

காணிப்பாக்கத்துச் சத்தியம்

நம்பிக்கையும் மருத்துவமும் கைகோக்க வேண்டியதற்குச் சித்தூருக்கு அண்மையிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் சந்நிதி சத்தியத்திற்குப் பெயர்பெற்றது. அங்கு ஆணையிட்டவர் பொய்யுரைக்க அஞ்சுவர் என்பது நெடுநாளைய நம்பிக்கை. மதுவை விட்டொழிப்பதாக அச்சந்நிதியில் சத்தியம் செய்வோரும் உளர். மன உறுதியை ஊரறிய நிலைநாட்டும் இம்முறை போற்றத்தக்கதே. குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோர்க்கு உறுதிமொழியும் உற்றார் துணையும் எவ்வளவு உதவும் என்பதை விஞ்ஞானமும் ஒப்புகின்றது.

எனினும் இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் அதனை நிறுத்தினால், மதுவின் அமுக்கத்திற்குப் பழகிய மூளை கட்டுமீறிக் கிளர்ந்தெழும். கை நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை முதலில் தோன்றும், வலிப்பும் வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் சிலருக்கு இடமும் காலமும் தெரியாத மயக்கம் உண்டாகிப் பூச்சிகள் ஊர்வதாகவும் உருவங்கள் வருவதாகவும் தோன்றும். சத்தியம் செய்து மூன்றாம் நாள் இவ்வாறு பிதற்றுபவரைக் கண்டு, தெய்வம் தண்டித்தது என்றோ பேய் பிடித்தது என்றோ வீட்டார் கலங்குவர். சிகிச்சையின்றி விட்டால் இந்நிலை உயிரையும் போக்கும். உரிய நேரத்தில் அமைதியூட்டும் மருந்தும் தயமின் என்னும் பி1 வைட்டமினும் நீரும் அளித்தால் பெரும்பாலோர் சில நாள்களில் தெளிவர். மிகக் குடிப்பவர் சத்தியம் செய்வதற்கு முன் ஒருமுறை அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றுவர வேண்டும் என்று சந்நிதி வாயிலில் தெலுங்கிலும் தமிழிலும் ஒரு பலகை வைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். அதனால் காக்கப்படும் உயிரோ விலைமதிப்பற்றது.

ஆரோக்கியவரம் கற்பித்த பாடம்

மனநோயாளியை வீட்டில் வைத்து நோக்க இயலுமா, தொலைவில் பெரிய ஆஸ்பத்திரியில் அடைத்து வைப்பதன்றோ பாதுகாப்பு என்பது பலருக்கு எழும் ஐயம். இதற்கு விடையாகச் சித்தூர் வட்டாரத்தின் பழைய வரலாறு ஒன்றை நினைவுகூர்தல் தகும்.

காசநோய் ஒரு காலத்தில் மனநோயைப் போன்றே மறைக்கப்பட்டது. பெண் கொடுக்கத் தயங்குவர். பெயர் சொல்லவும் கூசுவர். 1915இல், அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகில், ஆரோக்கியவரம் என்னும் பெயரில் காசநோய் மருத்துவ விடுதி திறக்கப்பட்டது. டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் பிரிமோட் மோலர் அதனை வளர்த்தார். நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகியவற்றை நாடித் தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் அங்குச் சென்றனர். வீட்டைப் பிரிந்து இத்தகைய விடுதியில் நெடுநாள் தங்குவதே சிறந்த சிகிச்சை என்று அக்கால மருத்துவம் நம்பிற்று.

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் இந்நம்பிக்கையைச் சோதித்தது. ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவ விடுதியிலும் மறு பிரிவினரை நெரிசல் மிக்க தத்தம் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தனர். வீட்டில் இருந்தோர்க்கு உணவும் ஓய்வும் குறைவு. அவ்வாறிருந்தும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒத்த அளவில் குணமாயினர் என்று 1959இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்க வைத்தது. சிகிச்சையை நடத்துவது கட்டடமன்று, தவறாது கிடைக்கும் மருந்தும் தவறாது கவனிக்கும் ஊழியருமே என்பது அதன் பாடம்.

மனநோய்த் துறையில் இதே பாடத்தைச் சித்தூருக்கு மிக அருகிலேயே கற்கலாம். நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள வேலூரில், கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்தை 1957இல் பாகாயத்தில் டாக்டர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கினார். அங்கு நோயாளியுடன் உறவினர் ஒருவரும் தங்குவது முறையாயிற்று. அதே பத்தாண்டில் பஞ்சாபில், அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவர் டாக்டர் வித்யாசாகர் திறந்த வெளியில் கூடாரம் அடித்துக் குடும்பத்தாரை நோயாளிகளுடன் தங்கச் செய்திருந்தார். மேனாட்டு மனநோய் விடுதிகள் உறவினரை வாயிலுக்கு வெளியே நிறுத்திய காலத்தில், இந்திய மருத்துவர் அவர்களை உள்ளே அழைத்தனர். உடனிருந்து கற்ற தாயும் தமையனும் ஊர் திரும்பியபின் மருந்தைக் காலத்தில் கொடுத்தனர்; நோய் மீளும் முதற் குறியையும் கண்டறிந்தனர்.

மருத்துவரோ மிகச் சிலர். கிராமத்துக்கு எவர் செல்வார் என்பது அடுத்த தடை. நாடு முழுவதையும் சராசரியாக நோக்கின் லட்சம் பேருக்கு ஒரு மனநோய் மருத்துவர்கூட இல்லை என்பது உண்மையே. 1982இல் தேசிய மனநலத் திட்டம் இதனை உணர்ந்தே வகுக்கப்பட்டது. 1980களின் பிற்பாதியில் கர்நாடகத்துப் பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்க்கும் ஊழியர்க்கும் குறுகிய காலப் பயிற்சி அளித்து, சில இன்றியமையாத மருந்துகளை அங்கேயே கிடைக்கச் செய்தனர். ஒரு மாவட்டத்தின் மனநோய்ச் சிகிச்சையை அதன் சொந்த ஊழியரைக் கொண்டே நடத்த இயலும் என்று அம்முயற்சி மெய்ப்பித்தது. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் அதன் வழிவந்ததே. கிராமத்துக் காசநோயாளியின் சளியைப் பரிசோதிக்க நுரையீரல் நிபுணர் வரவேண்டுவதில்லை. அதுபோன்றே ஒவ்வொரு மனச்சோர்வுக்கும் மனநோய் நிபுணர் தேவையில்லை.

சட்டம் கூறுவது

2017இல் நிறைவேறி 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசாங்கம் நடத்தும் அல்லது பொருளுதவி செய்யும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை ஆக்கியுள்ளது. எவ்வகையிலும் சங்கிலியிடுதலை அது தடை செய்கின்றது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவர் என்றே கொண்டு, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகின்றது. யாத்திரைத் தலங்களுக்கு இன்றியமையாத ஒரு விதியும் அதில் உண்டு. மனநோயால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது அலைபவரைக் காணின், காவல் நிலையப் பொறுப்பதிகாரி அவரைத் தம் பாதுகாப்பில் ஏற்று, 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள அரசாங்க மருத்துவ நிலையத்திற்குக் கொண்டுசெல்லல் வேண்டும். எக்காரணத்தாலும் அவரைச் சிறையிலோ காவற்கூண்டிலோ அடைத்தல் கூடாது; அவர் குடும்பத்தைத் தேடவும் வேண்டும்.

செய்யத்தக்கவை

சட்டமும் மருந்தும் இருந்தும், குறை எஞ்சுவது இவற்றை ஊருடன் இணைக்கும் பாலத்திலேயே. திருப்பதி அதனைக் கட்டுவதற்கு ஏற்ற நகரம். 1960இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியும் அதனைச் சார்ந்த ரூயா அரசாங்க மருத்துவமனையும் அங்குள்ளன. யாத்திரிகர்க்கு வரிசையிலும் அன்னதானத்திலும் உதவும் ஸ்ரீவாரி சேவைத் தொண்டர்கள் அங்குண்டு. தனியே திகைத்து நிற்பவரை அடையாளம் காணவும், அன்புடன் பேசி அமர்த்தவும், மருத்துவரிடம் சேர்க்கவும் அத்தொண்டர்க்கு ஒரு நாள் பயிற்சி அளித்தல் அரிய செயலன்று. எலும்புக்கும் இருதயத்திற்கும் மருத்துவமனை எழுப்பிய தேவஸ்தானம், யாத்திரிகர் தங்குமிடங்களுக்கு அருகில் மனநல ஆலோசனை அறை ஒன்றையும் திறக்குமாயின், அங்குச் செல்வது வெட்கத்துக்குரியதன்று என்பதை ஆயிரம் பிரசங்கங்களினும் அது நன்கு உணர்த்தும்.

மொழியும் ஈண்டுக் கருதத்தக்கது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்த பின்னரும், சித்தூர், நகரி, சத்தியவேடு பகுதிகளில் தமிழ் வழங்கும் வீடுகள் பல. காய்ச்சலை எம்மொழியிலும் சொல்லிவிடலாம். உள்ளத்தின் வேதனையைத் தாய்மொழியிலன்றிச் சொல்வது கடினம். ஆகவே ஆலோசனை கூறுவோர் இருமொழியும் அறிந்தவராதல் வேண்டும். 2022 அக்டோபர் 10இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தெலுங்கிலும் தமிழிலும் கிடைக்கின்றது. பேருந்து நிலையங்களிலும் பள்ளிகளிலும் உரக்கடைகளிலும் இவ்வெண் எழுதப்படல் வேண்டும். உரக்கடையைச் சிறப்பாகக் கூறுவதன் காரணம், கிராமத்தில் நம்பிக்கை இழந்தோர் கைக்கு எளிதில் எட்டுவது பூச்சிமருந்து என்பதே.

இவை அனைத்தினும் முதன்மையானது மருந்து தடையின்றிக் கிடைத்தல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இம்மாதம் இருந்து அடுத்த மாதம் இல்லாத மருந்து, குடும்பத்தின் நம்பிக்கையையும் உடன் எடுத்துச் செல்கின்றது. மனநோய்த் தினத்தன்று ஊர்வலமும் சொற்பொழிவும் நடத்திவிட்டு, மருந்துப் பெட்டியை வெறுமையாக விடுதல் அரசாங்கத்திற்கு அழகன்று. இக்குறையை நீக்கும் பொறுப்பு மாவட்ட அதிகாரிகளுடையது. நீங்கியதா என்று கேட்கும் பொறுப்பு மக்களுடையது.

குடும்பத்தின் கடமை இன்னும் எளியது. வீட்டில் ஒருவர் இரு வாரங்களுக்கு மேலாக உண்ணாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல் இருப்பின், அல்லது பிறர்க்குக் கேளாத குரலைக் கேட்பதாகக் கூறின், அவரைக் கடியாமலும் கேலி செய்யாமலும் அருகில் அமர்ந்து கேட்டல் வேண்டும். பின்பு, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். சாக விரும்புவதாக ஒருவர் சொல்லின், அது வெறும் பேச்சென்று விடாமல் அன்றே துணை தேடல் வேண்டும். அதைப் பற்றிக் கேட்பதால் அவ்வெண்ணம் வளர்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை.

காசநோய் என்ற சொல்லைக் கேட்டுத் தெருவே ஒதுங்கிய காலம் ஒன்று இருந்தது. மருந்து வீட்டு வாயிலுக்கு வரத்தொடங்கியபின் அச்சம் படிப்படியாகக் குறைந்தது. மனநோய்க்கும் அந்நாள் வரும். திருமலையிலிருந்து இறங்கும் குடும்பம், பிள்ளையின் கால் வலிக்கு ஒரு மருத்துவரையும் அவன் தமையனின் மனச்சோர்வுக்கு மற்றொரு மருத்துவரையும் ஒரே பகலில், ஒரே குரலில் விசாரித்துச் செல்லுமாயின், அன்று அவ்வூர் தன் கடமையைச் செய்ததாகக் கொள்ளலாம்.